வைன் ஷாப் லைசென்ஸ் என்ன தாத்தா சொத்தா?

டிஸ்கி: குடிக்கலாமா கூடாதா என்று சண்டை போடும் பதிவு இல்லை இது. குடிக்கிறவர் குடிக்கட்டும், குடிக்காதவர் மோர் சாப்பிடட்டும். என் சண்டை ஒரு காகிதத்தோடு மட்டும்தான். அந்தக் காகிதத்துக்குப் பேர் லைசென்ஸ்.

மகாராஷ்டிராவில் வந்து செட்டில் ஆன நம்ம ஆட்களில் பல பேருக்கு ஒரு விஷயம் தெரியாது. இங்கே மது விற்பனை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது தெரியுமா? மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். காமெடி இல்லை, சத்தியம். பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1949. அதை எதிர்த்துப் போன பல்சாரா வழக்கில் 1951இல் சுப்ரீம் கோர்ட் சில பிரிவுகளை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை நிற்க வைத்தது. பின்னாளில் பெயரில் 'பம்பாய்' போய் 'மகாராஷ்டிரா' வந்தது. 'மதுவிலக்கு' மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிது. தயாரிப்பது, வைத்திருப்பது, எடுத்துப் போவது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாமே தடை. அப்புறம் அந்தச் சுவரில் அரசாங்கமே ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டுக் கொடுக்கும். அந்த ஓட்டைகளுக்குத்தான் லைசென்ஸ் என்றும் பர்மிட் என்றும் பேர்.

குடிக்கிறவனுக்கே பர்மிட் வேண்டும். ஒரு நாளைக்கு 5 ரூபாய், ஒரு வருஷத்துக்கு 100 ரூபாய், ஆயுசுக்கும் 1000 ரூபாய். பீருக்கு 21 வயசு, விஸ்கி பிராந்திக்கு 25 வயசு ஆகியிருக்க வேண்டும். உடல்நலத்தைப் பேணுவதற்காக இந்த அனுமதி என்று ஒரு வாசகம் வேறு. என்னிடம் ஆயுள் பர்மிட் இருக்கிறது, லேமினேட் பண்ணி பர்ஸில் வைத்திருக்கிறேன். "ரேஷன் கார்டுக்குக் கூட நீங்க இவ்வளவு அக்கறை காட்டினதில்லையே" என்றார் தங்கமணி. இருபது வருஷத்தில் ஒரு கவுண்டரிலும் ஒருத்தரும் அதைக் காட்டு என்று கேட்டதில்லை.

சரி, வாங்குகிறவன் கதை கிடக்கட்டும். விற்கிறவன் கதைக்கு வருவோம்.

நாம் 'வைன் ஷாப்' என்று சொல்கிற கடைக்கு எஃப்.எல்-2 லைசென்ஸ். சீல் உடைக்காத பாட்டில் விற்கலாம், அங்கே உட்கார்ந்து குடிக்க முடியாது. உட்கார்ந்து குடிக்கிற பர்மிட் ரூமுக்கு எஃப்.எல்-3. பீர் மட்டும் விற்கிற கடைக்கு வேறு ஒன்று. நாட்டுச் சரக்கு, அதாவது தேசி தாரு கடைக்கு சி.எல்-3. பர்மிட் ரூமுக்கும் பீர் ஷாப்புக்கும் இன்றைக்கும் நீங்கள் விண்ணப்பம் போடலாம். ஆனால் எஃப்.எல்-2? நடக்காது. 1970களின் தொடக்கத்தில் புது லைசென்ஸ் தருவதை நிறுத்தினார்கள். மாநிலம் முழுக்க சுமார் 1,700 லைசென்ஸ்தான், அவ்வளவோடு சரி.

கேட்க நல்லாத்தானே இருக்கு? கடை பெருகக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள், காந்தி தேசம், மகாத்மா வார்தாவில் இருந்த மாநிலம்! அப்படித்தான் நானும் இங்கே வந்த புதிதில் கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாக விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் விருதுநகரில் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் டெபிட் என்ன, கிரெடிட் என்ன என்றுதான் புத்தி போகும். அந்தக் கணக்கில் பாருங்கள். சப்ளையை அரை நூற்றாண்டுக்கு முன்னால் பூட்டிவிட்டீர்கள். அந்த அரை நூற்றாண்டில் மும்பை, தாணே, புனே எல்லாம் எத்தனை மடங்கு வீங்கியது? டிமாண்ட் ஏறிக்கொண்டே போகிறது, காகிதம் அதே 1,700. அந்தக் காகிதத்துக்கு என்ன ஆகும்? விலை ஏறும். அந்த விலை யாருக்குப் போகும்? அரசாங்கத்துக்கு இல்லை. 1970க்கு முன்னால் யாருடைய தாத்தா விண்ணப்பம் போட்டாரோ அவருடைய பேரன்களுக்கு.

பிராஞ்சில் கிரெடிட் டெஸ்க்கில் இருந்தபோது ஒருவர் கடனுக்கு வந்தார். நாங்கள் கேட்கிற சொத்துப் பட்டியலை நிரப்பிக் கொடுத்தார். சாதாரணமாக முதல் வரியில் ஃப்ளாட் இருக்கும், அடுத்து நகை, எல்.ஐ.சி பாலிசி. இவர் பட்டியலில் முதல் வரி: 'லைசென்ஸ், மூன்றில் ஒரு பங்கு'. அதற்கு எதிரே போட்டிருந்த தொகை அவருடைய ஃப்ளாட்டை விடப் பெரியது. தாத்தா பெயரில் வாங்கியதாம். அப்பாவுக்கு வந்ததாம். இப்போது அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பாகப்பிரிவினை நடக்கிறதாம். "சார், இது வருஷா வருஷம் மார்ச் 31இல் முடிகிற லைசென்ஸ்தானே, இதை எப்படிச் சொத்து என்று எடுத்துக்கொள்வது?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தார். "சாப், யே கபி கதம் நஹி ஹோதா" என்றார். இது ஒருநாளும் முடியாது என்று அர்த்தம்.

அவர் சொன்னதுதான் உண்மை. காகிதத்தில் ஒரு வருஷ ஆயுள். நடைமுறையில் சிரஞ்சீவி.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் 1994இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: மது வியாபாரம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமை கிடையாது. அரசு முழுக்கத் தடை செய்யலாம், தானே நடத்தலாம், லைசென்ஸ் கொடுத்து நடத்த விடலாம். அதாவது லைசென்ஸ் என்பது அரசு தருகிற சலுகை. சலுகையை யாராவது உயில் எழுதி வைப்பார்களா? எனக்குப் பேருந்தில் சீனியர் சிட்டிசன் சீட் கிடைத்தால் அதை என் மகனுக்கு எழுதி வைக்க முடியுமா?

இங்கே முடியும். எழுதி வைக்கலாம், பங்கு போடலாம், பார்ட்னரைச் சேர்த்துக்கொண்டு மெதுவாக விலகலாம். 2025 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எஃப்.எல்-2, எஃப்.எல்-3 லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒப்பந்தம் போட்டு வேறொருவரை நடத்தச் சொல்லலாம் என்று மாநில அமைச்சரவை முடிவு எடுத்தது. ஆண்டுக் கட்டணத்தில் முறையே 15 சதவீதம், 10 சதவீதம் கூடுதலாகக் கட்டினால் போதும். புரிகிறதா? அரசு கொடுத்த சலுகையை வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டில் கால் மேல் கால் போட்டு உட்காரலாம். அரசுக்கு அதில் ஒரு கமிஷன். விவசாயியிடம் குத்தகை எடுத்தால் கூட மண்ணாவது அவனுடையது. இங்கே வாடகைக்கு விடுவது எதை? என் தெருவில், என் வீட்டு வாசலில், சாராயம் விற்கும் அனுமதியை. அது யாருடைய சொத்து?

கடையை மூடினால் கூட இந்த லைசென்ஸ் சாவதில்லை. சந்திரபூர் மாவட்டத்தில் 2015 ஏப்ரல் 1 முதல் மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். கிராமத்துப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. 2021இல் அரசு அந்தத் தடையை எடுத்தது. எடுத்தவுடன் பழைய லைசென்ஸ்களைப் புதுப்பித்துக் கொடுத்து ஷட்டர் தூக்கினார்கள். ஆறு வருஷம் தூங்கிவிட்டு எழுந்து வந்து வியாபாரம்! கெடு முடிந்த டி.டி.யைப் புதுப்பிக்கவே எங்கள் கவுண்டரில் ஆயிரம் கேள்வி கேட்போம்.

இன்னொரு வேடிக்கை, இந்த லைசென்ஸ் நம்மைப் போலவே புலம் பெயரும். ஓரிடத்தில் வியாபாரம் படுத்தால் மனுப் போட்டு வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். புது லைசென்ஸ் கிடையாது என்பதால் 'புதுக் கடை' என்றும் கணக்கில் வராது. ஆனால் உங்கள் தெருவுக்கு அது புதுக் கடைதானே!

எங்கள் தெருவுக்கு அப்படித்தான் வந்தது, 2022இல். மும்பைப் புறநகர் ஒன்றில் நடுத்தர வர்க்கத்துச் சொசைட்டி. எங்களுக்கு அடுத்த கட்டடத்தின் தரைத் தளத்தில் ஒரு ஸ்டேஷனரி கடை இருந்தது. பூட்டினார்கள், இரண்டு மாசம் மரவேலை நடந்தது. மொபைல் கடை வரப்போகிறது என்று பேச்சு. ஒருநாள் காலை சிவப்பு போர்டு ஏறியது. அதற்கு எதிரேதான் பிள்ளைகள் டியூஷன் போகிற மாடிப்படி. ராத்திரி ஒன்பதரை லோக்கலில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிற பெண்கள் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கடைக்குள் உட்கார்ந்து குடிக்க முடியாது இல்லையா, அதனால் வெளியே நின்று குடிக்கிறார்கள். எங்கள் காம்பவுண்டு சுவர்தான் அவர்களுக்கு டேபிள். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனால் சுவரின் மேல் வரிசையாகக் காலி குவார்ட்டர் பாட்டில்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பத்துப் பேர் போனோம். அங்கே இருந்தவர் ஃபைலைப் புரட்டிக் காட்டினார். வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. கடையின் வரைபடம் இருக்கிறது. இடத்தை ஆய்வு செய்த ரிப்போர்ட் இருக்கிறது. பள்ளிக்கூடம், கோயிலுக்கு உள்ள தூரம் அளந்து எழுதியிருக்கிறது. கட்டணம் கட்டிய சலான் இருக்கிறது. "சகள நியமானுசார் ஆஹே" என்றார். எல்லாம் விதிப்படி இருக்கிறதாம். "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்றார் எங்கள் செக்ரெட்டரி. "உங்களைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?" என்றார் அவர். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார்.

என் கோபம் மொத்தமும் இந்த இடத்தில்தான். அந்த விண்ணப்பத்தில் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, மீட்டர் கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு மனுஷன் இல்லை. ஒரு வீட்டுக் கடன் கொடுக்கவே நாங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் அனுப்புகிறோம்.

2025 மார்ச்சில் சட்டசபையில் ஒரு அறிவிப்பு வந்தது. ஹவுசிங் சொசைட்டி வளாகத்தில் புதிதாக பீர் ஷாப்போ மதுக்கடையோ வர வேண்டுமானால் அந்தச் சொசைட்டியின் என்.ஓ.சி கட்டாயம் என்றார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் வந்தால்? எதிர்வரிசையில் வந்தால்? சாலில் இருக்கிறவர்களுக்குச் சொசைட்டியே கிடையாதே? சொசைட்டிக்குள்ளும் கையெழுத்துப் போடுவது ஃப்ளாட் ஓனர்கள். வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு ஓட்டு இல்லை. வந்தேறிக் குடும்பங்களில் முக்கால்வாசி வாடகைக்கு இருப்பவர்கள்தானே!

சரி, வந்துவிட்ட கடையை மூட வழியே இல்லையா? இருக்கிறது. மராத்தியில் 'உபி பாட்லி, ஆட்வி பாட்லி' என்பார்கள். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். ஒரு வார்டிலோ கிராமத்திலோ பெண் வாக்காளர்களில் அல்லது மொத்த வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம். கடை இருக்கட்டும் என்றால் நிற்கிற பாட்டில், மூடு என்றால் படுத்த பாட்டில். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் புரியும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் வகுத்த முறைப்படி, ஓட்டுப் போட வந்தவர்களில் பாதிப்பேர் போதாது. பட்டியலில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். பட்டியலில் 2,000 பெண்கள் என்றால் 1,001 பேர் வந்து படுத்த பாட்டிலில் குத்த வேண்டும். 1,200 பேர் வந்து அதில் 1,000 பேர் மூடு என்றால் கடை மூடாது! வராதவர், ஊருக்குப் போனவர், பட்டியலில் இருந்து நீக்காத செத்துப்போனவர் அத்தனை பேரும் நிற்கிற பாட்டிலுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி. இந்தக் கணக்கில் நடத்தினால் எத்தனை எம்.எல்.ஏ. ஜெயித்திருப்பார்?

ஆக, கடை வருவதற்கு ஒரு ஆளின் கையெழுத்து போதும். போவதற்கு ஆயிரம் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். நியாயமா இது?

இங்கே நம்ம ஆட்களோடும் கொஞ்சம் சண்டை போட வேண்டும். எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கிற ஏரியா. எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள், எல்லாரும் திட்டினார்கள், கையெழுத்துப் போடவும் தயார். பேரைப் பட்டியலில் தேடினால் இல்லை. "எங்க ஓட்டு ஊர்லதான் சார் இருக்கு" என்கிறார்கள். பதினைந்து வருஷமாக ஆதார் இங்கே, கேஸ் கனெக்‌ஷன் இங்கே, பிள்ளை படிக்கிற ஸ்கூல் இங்கே, ஓட்டு மட்டும் திருநெல்வேலியில். அங்கேயாவது போய்ப் போடுகிறார்களா என்றால் அதுவும் பாதி எலெக்‌ஷனில் டிக்கெட் கிடைப்பதில்லை.

"நாம வெளியூர்க்காரங்க, இவங்க ஊர் விவகாரத்தில் தலையிடலாமா?" என்றார் ஒரு பெரியவர். ஐயா, பாட்டில் உடைந்து கிடப்பது நம்ம பேத்தி நடக்கிற பாதையில். வந்து குடியேறியவர் என்பதால் கண்ணாடிச் சில்லு அவள் காலில் குத்தாமல் விடுமா? சட்டப்படி நீங்கள் சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு இருக்க வேண்டும். இடம் மாறினவர்களுக்குப் படிவம் 8. ஆன்லைனில் பத்து நிமிஷம். எனக்கும் தங்கமணிக்கும் 2009லிருந்து இங்கேதான் ஓட்டு. ஊர்ப் பாசத்தைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாக்காளர் பட்டியலில் வேண்டாம்.

அடுத்து வழக்கமான ஒரு பதில் வரும். "இதுக்குத்தான் நம்ம ஊர் மாதிரி கவர்மெண்டே கடை நடத்தணும், லைசென்ஸே இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை." 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்தபோது பலரும் இதைத்தான் சொன்னார்கள். பரம்பரைச் சொத்து ஆகவில்லை, வாஸ்தவம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார்களா? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். உடனே கடைகளை ஊருக்குள் குடியிருப்புப் பக்கம் தள்ளினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதை எதிர்த்து நின்ற பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை மூடினார்கள். எந்த 500 என்று யார் முடிவு செய்தது? மேலே இருந்துதான். அங்கே வியாபாரியும் அரசு, லைசென்ஸ் கொடுப்பதும் அரசு, புகாரை விசாரிப்பதும் அரசு. இங்கே தாத்தா சொத்து, அங்கே சர்க்கார் சொத்து. தெருவில் இருக்கிறவனுக்கு இரண்டிலும் பங்கு இல்லை.

"அப்படியானால் ஏலம் விடலாமே?" என்பார்கள் என் பேங்க் நண்பர்கள். ஏலம் பணத்துக்குப் பதில் சொல்லும், தெருவுக்குப் பதில் சொல்லாது. டெல்லியில் 2021 நவம்பரில் ஊரை 32 மண்டலமாகப் பிரித்து 849 கடைக்குத் தனியாரிடம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கூடத் தாங்கவில்லை. 2022 செப்டம்பரில் பழையபடி அரசு நிறுவனங்களிடமே திரும்பியது. அதன்பின் நடந்த வழக்கும் கைதும் உங்களுக்கே தெரியும். மகாராஷ்டிராவிலும் 2025இல் ஒரு திட்டம் அடிபட்டது. 41 மதுத் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தலா 8, ஆக 328 புது லைசென்ஸ். எதிர்ப்பு கிளம்பியது. தாத்தாக்களிடமிருந்து எடுத்துக் கம்பெனிகளிடம் கொடுத்தால் எனக்கு என்ன லாபம்?

எனக்குத் தோன்றுகிற தீர்வு நாலே வரி. இதில் கம்ப சூத்திரம் எதுவும் இல்லை.

ஒன்று, எந்த மதுக்கடை லைசென்சுக்கும் ஐந்து வருஷம்தான் ஆயுள். முடிந்ததும் செத்தது. வாரிசு இல்லை, வாடகை இல்லை, பங்குப் பிரிவினை இல்லை. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கட்டும்.

இரண்டு, விண்ணப்பம் வந்ததும் அந்த ஷட்டரிலேயே முப்பது நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். இடம் மாற்றுகிற மனுவுக்கும் இதே விதி. சுற்றி இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். ஓனர், வாடகைக்காரர் என்ற பேதம் கூடாது.

மூன்று, வாக்கெடுப்பில் போட்ட ஓட்டைத்தான் எண்ண வேண்டும். வராத ஓட்டைப் பாட்டிலுக்குச் சேர்க்கக் கூடாது.

நாலு, லைசென்ஸ் யார் பெயரில், கடையை உண்மையில் நடத்துவது யார், இரண்டையும் வாசலிலும் இணையத்திலும் போட வேண்டும். எங்கள் பிராஞ்சில் மேனேஜர் பெயர் போர்டு இருக்கிறதே, அந்த மாதிரி.

இதனால் கடை குறையுமா கூடுமா என்று கேட்டால், ஒரு தெருவில் குறையலாம், இன்னொரு தெருவில் கூடலாம். வேண்டும் என்கிற தெருவில் திறக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வாசலில் என்ன வரப்போகிறது என்பதை அந்த வாசலில் கோலம் போடுகிறவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் செத்துப்போன ஒருவரின் கையெழுத்தை விட, உயிரோடு இருக்கிற அவள் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் இருக்க வேண்டாமா?

பி.கு: எங்கள் தெருவில் கையெழுத்து இன்னும் 25 சதவீதத்தை எட்டவில்லை. படிவம் 8 நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வரலாம். லேப்டாப் தயார், ஃபில்டர் காபி தங்கமணி பொறுப்பு. ஆதாரும் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.